சுடாத கால்

சித்திரை மாதத்து உச்சி வெயிலில், அரிசி ஆலையின் சிமெண்டுக் களத்தில், ஆதிமூலம் வெறுங்காலோடு நெல் கிளறிக்கொண்டிருக்கிறார். அவித்துக் கொட்டிய நெல் களம் முழுக்க விரிந்து கிடக்கிறது. பாதத்தைச் சாய்த்து நெல்லுக்குள் நுழைத்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோடு இழுத்தாற்போல் நடக்கிறார். மற்ற ஆட்கள் பழைய சாக்ஸை மாட்டி, அதன்மேல் சாக்குத் துண்டைச் சுற்றிக்கொண்டு, அப்படியும் தாங்காமல் குதித்துக் குதித்து ஓடி வேப்ப மரத்து நிழலில் விழுகிறார்கள். இவரோ மாமியார் வீட்டு வாசலில் உலாத்துகிற புது மாப்பிள்ளை மாதிரி நடக்கிறார். களத்து ஓரம் வந்ததும் பீடி பற்றவைத்து நாலு இழுப்பு இழுக்கிறார். மிச்சத்தை நெருப்போடு கீழே போட்டு, வெறுங்குதிகாலால் நசுக்கி அணைக்கிறார்.

அதை யாராவது பார்த்துவிட்டுக் கேட்க வேண்டும். அதற்காகவே கொஞ்சம் மெதுவாக நசுக்குவார்.

"இன்னாண்ணே, சுடலியா?"

"இன்னா சுடுது? ஒன்னும் சுடல. தீ மெரிக்கிற காலுடா இது. அம்மன் பாத்துப் பாத்துப் பண்ணிக் குடுத்தது."

தூக்குவாளியில் சோறு கொண்டுவந்து வேப்ப மரத்தடியில் நிற்கும் தனக்கொடிக்கு இதைக் கேட்க அலுப்பதே இல்லை. ஊரில் எத்தனையோ பேருக்குப் புருஷன் இருக்கிறான். நெருப்பை நசுக்கிவிட்டுச் சோறு தின்ன உட்காருகிற புருஷன் அவளுக்குத்தானே வாய்த்தது.

கரிக்கலாம்பாக்கத்தில் வீடு. பாகூர் போகிற சாலையில் கமருதீன் பாயின் ஆலை. ஆதிமூலத்துக்கு ஐம்பத்தைந்து வயது தாண்டிவிட்டது. நெடுநெடுவென்று ஒல்லி உடம்பு, முட்டிக்கு மேல் மடித்துக் கட்டிய கைலி, தலையில் ஈரத்துண்டு. நெல் கொத்த வரும் காக்கைகளைக் கல்லால் அடிக்க மாட்டார். ஒவ்வொன்றுக்கும் தன் மைத்துனர்களின் பெயரை வைத்திருக்கிறார். "ஏய் சேகரு, போன வாரம் தானே துன்னுட்டுப் போன? மறுபடி இன்னாடா வாய்க்கு ருசியா வந்துட்ட?" என்று களம் அதிரத் திட்டுவார். தன் அண்ணன் தம்பிமார் காக்கையாக வசவு வாங்குவதைத் தனக்கொடி முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கேட்டிருப்பாள். கோபம் வரவேண்டிய இடம்தான், ஆனால் சிரிப்புதான் வரும்.

அந்தக் காலுக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில், ஊர்த் திரௌபதி அம்மன் கோயில் தீமிதியில் ஆதிமூலம் முதன்முதலாக இறங்கினார். வீம்புக்கு மெதுவாக நடந்து காட்டினார் போலிருக்கிறது. பாதம் இரண்டும் பொரித்த அப்பளமாகக் கொப்பளித்துவிட்டது. வாழை இலையில் கால் வைத்துப் படுத்துக் கிடந்த புருஷனைப் பார்க்கப் பொறுக்காமல், தனக்கொடி கோயிலுக்கு ஓடினாள். "தாயே, இந்தாளு நெருப்புல எறங்காம இருக்க மாட்டாரு. ஆனா இனிமே அந்தக் காலு சுடக் கூடாது. நீ தான் பாத்துக்கணும்" என்று அழுதாள். வெள்ளித் தகட்டில் செய்த கால் ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டாள். அதற்குப் பிறகும் சில வருஷங்கள் சுட்டது. பிறகு குறைந்தது. கடைசி சில வருஷங்களாகச் சுத்தமாகச் சுடுவதே இல்லை.

"பூ மேல நடக்குறாப்ல இருக்குதுடி தனம். பஞ்சு மெத்த மேல நடக்குறாப்ல."

அம்மனுக்குக் காது கேட்டுவிட்டது என்று தனக்கொடி நம்பினாள். ஊரும் நம்பியது. முதல் தடவை தீமிதிக்கக் காப்புக் கட்டுகிறவர்கள் ஆதிமூலத்தின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்கள். அவரும் காலை ஒரு எட்டு முன்னால் வைத்து, ஒன்றும் தெரியாதவர்போல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்னும் சில வேடிக்கைகளும் உண்டு. ஒருநாள் ஆலையிலிருந்து ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். இன்னொரு செருப்பு வழியில் எங்கேயோ கழன்று விழுந்திருக்கிறது. மனிதருக்குத் தெரியவே தெரியாது. "காலு வூட்டுக்கு வந்துச்சே, அதுவே பெருசு" என்று தனக்கொடி தெருவெல்லாம் சொல்லிச் சிரித்தாள். இன்னொரு நாள் ஆறவைத்திருந்த வெந்நீரை, ஆறுவதற்கு முன்பே எடுத்துக் காலில் ஊற்றிக்கொண்டார். பாதம் பீட்ரூட்டாகச் சிவந்துபோனது. பதறி ஓடிவந்தவளிடம், "ஒன்னும் சுடல போடி" என்றார். அன்றும் அவள் அம்மன் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பங்குனியிலேயே வலது கால் கட்டைவிரல் ஓரத்தில் நகம் சதைக்குள் இறங்க ஆரம்பித்திருந்தது. ஆதிமூலத்துக்கு நகம் வெட்டுவதில் ஒரு தனிப் பழக்கம். சவர பிளேடை ஒடித்து, நகத்தின் மூலையைத் தோண்டித் தோண்டி வளைவாக எடுப்பார். நெல் உமி சொருகாமல் இருக்க அதுதான் வழி என்பார். தோண்டத் தோண்ட நகம் உள்ளே போய்ச் சதையைக் கிழித்துக்கொண்டு வளர்ந்தது. விரல் வீங்கியது, சீழ் வைத்தது. நகச்சுத்து என்று சொல்லி எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் மாட்டினார். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பத்துப் போட்டார். பத்துக்குள்ளிருந்து நாற்றம் வந்ததே தவிர, விரல் ஆறவில்லை. அப்படிப்பட்ட விரலோடும் களத்தில் அதே மாப்பிள்ளை நடைதான்.

"யோவ், அது வலிக்கலியாயா ஒனக்கு?"

"எனக்கு ஏன்டி வலிக்குது?"

கடைசியில் தனக்கொடி சாப்பாட்டு நேரத்தில் அந்த நாற்றம் தாங்காமல் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். மறுநாள் காலையில் அவரை இழுக்காத குறையாக அரசு சுகாதார நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

டாக்டர் அர்ச்சனா சின்னப் பெண். கழுத்தில் குழாய் தொங்காவிட்டால் கல்லூரிக்குப் போகிறவள் என்றே நினைத்திருப்பார்கள். விரலைத் திருப்பிப் பார்த்தாள்.

"எத்தன நாளா வலி ஐயா?"

"வலியெல்லாம் இல்லம்மா. நாத்தம் தான். வூட்டுல திட்டுது."

டாக்டர் நிமிர்ந்து அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு விரலின் ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். பிதுங்கிக்கொண்டு வந்தது சீழ். தனக்கொடிக்குத் தன் காலே சுரீரென்றது, "அய்யோ" என்று வாய்விட்டாள். காலுக்குச் சொந்தக்காரர் கூரையில் சுற்றும் மின்விசிறியைப் பார்த்து, "இன்னாம்மா, காத்தே வர்ல?" என்றார்.

நர்ஸ் இளவரசி சர்க்கரை பார்க்க விரல் நுனியில் ஊசியால் குத்தினாள். அதற்கு மட்டும் "ஆ!" என்று கையை உதறினார். மீட்டரைப் பார்த்த இளவரசி எண்ணை வாயால் சொல்லவில்லை. டாக்டர் பக்கம் திருப்பிக் காட்டினாள். ஆலைக்கு இரண்டு தடவை சர்க்கரை பார்க்கும் முகாம் வந்திருக்கிறது. இரண்டு தடவையும் மற்றவர்களை வரிசையில் தள்ளிவிட்டுவிட்டு, "எனக்கு இன்னா கேடு?" என்று நெல் கிளறப் போனவர் இவர்.

டாக்டர் மேஜையிலிருந்து ஒரு சின்னக் குச்சியை எடுத்தாள். அதன் முனையில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"கண்ண மூடிக்குங்க ஐயா. இதால உங்க கால்ல தொடுவேன். தொடுறது தெரியும்போதெல்லாம் 'ம்'னு சொல்லுங்க. அவ்ளோதான்."

"இது இன்னாம்மா, கண்ணாமூச்சியா?" என்று சிரித்துக்கொண்டே கண்ணை மூடினார்.

இழையின் முனை கட்டைவிரலின் அடியில் பட்டு வளைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சுண்டுவிரலில் பட்டது. முன்பாதத்தில் பட்டது. நடுப்பாதத்தில், குதிகாலில் பட்டது. ஆதிமூலம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, சாமி கும்பிடுகிறவர் போல் உட்கார்ந்திருந்தார். விளையாடுகிறார் என்றுதான் தனக்கொடி முதலில் நினைத்தாள். 'ம்'னு சொல்லுயா என்று அதட்ட வாயைத் திறந்தாள். டாக்டர் விரலை உயர்த்தி வேண்டாம் என்றாள். அடுத்த காலுக்குப் போனாள். அங்கேயும் கட்டைவிரல், முன்பாதம், குதிகால். ஒரு 'ம்' வரவில்லை.

கண்ணைத் திறக்காமலே ஆதிமூலம் மரியாதையாகச் சொன்னார்:

"டாக்டரம்மா, நான் ரெடி. ஆரம்பிங்க."

டாக்டர் குச்சியைக் கீழே வைத்தாள்.

"முடிச்சிட்டேன் ஐயா."

அவர் கண்ணைத் திறந்தார். டாக்டரைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தார். "இல்ல… இவங்க இன்னும் தொடவே இல்லியே, தனம்?" என்றார். அவள் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் அவர் வாய் அப்படியே திறந்தபடி நின்றுவிட்டது.

டாக்டர் மெதுவாகச் சொன்னாள். சர்க்கரை பல வருஷமாக உள்ளே இருந்திருக்கிறது, காலுக்குப் போகிற நரம்புகளை அரித்துவிட்டது. "உங்க கால் வலியத் தாங்கிக்கிச்சுன்னு நெனைக்காதீங்க ஐயா. வலிக்குதுன்னு சொல்லல. சொல்ற நரம்பு செத்துப் போச்சு."

இடி இறங்கியது போலிருந்தது என்று சொன்னால் போதாது. தனக்கொடியின் கண்முன் களம், வெந்நீர், ஒற்றைச் செருப்பு, பீடி என்று எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. இத்தனை வருஷமாக எதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டோம்?

அது போதாதென்று இளவரசி காலைக் கழுவித் துடைக்கும்போது, "மேடம், இங்க பாருங்க" என்றாள். இடது குதிகாலின் காய்ப்புக்குள் கறுப்பாக ஒரு புள்ளி. இடுக்கியால் பிடித்து இழுத்தாள். கோணி ஊசியின் ஒடிந்த முனை வந்தது. ஆலையில் சாக்குத் தைக்கிற ஊசி. அது காலில் ஏறியதும் தெரியாமல், ஒடிந்ததும் தெரியாமல், அதன்மேலேயே இந்த மனிதர் நடந்துகொண்டிருந்திருக்கிறார். ஆதிமூலம் அந்த முனையை வாங்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, "இது எப்போ ஏறிச்சி?" என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார்.

முதலில் சர்க்கரையை இறக்க வேண்டும் என்று மாத்திரையும் ஊசியும் எழுதினார்கள். காலுக்கு ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். அது நன்றாகவே இருந்தது. "இதுதான் நமக்கு நல்ல சேதி. புண்ணு ஆறும். ஆனா பீடியத் தொட்டீங்கன்னா அதுவும் போயிடும்" என்றாள் டாக்டர். சீழ் அடங்கிய பிறகு நகத்தின் ஓரத்தை எடுக்க ஒரு நாளைக் குறித்தார்கள்.

சின்ன ஆபரேஷன்தான். மேஜையில் அவர் படுத்திருக்க, தனக்கொடி கதவோரம் நின்றாள். விரலின் அடியில் இரண்டு பக்கமும் மரத்துப்போகிற ஊசி போட வேண்டும். "செத்த காலுக்கு இன்னாத்துக்கும்மா ஊசி?" என்று இளவரசியைக் கேட்டாள். "கொஞ்ச நஞ்சம் உணர்ச்சி எங்கியாவது மிச்சம் இருக்கலாம்மா. போட்டுத்தான் செய்யணும்" என்றாள் அவள்.

ஊசி இறங்கியபோது ஆதிமூலம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். எதற்காகக் காத்திருக்கிறார் என்று தனக்கொடிக்கு விளங்கியது. வலிக்காதா என்று பார்க்கிறார்!

"வலிச்சுதா ஐயா?"

"வலிச்சிது… கொஞ்சம் வலிச்சாப்ல இருந்திச்சி" என்றார்.

முப்பது வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அவர் பொய் சொல்கிறார் என்று தெரியாதா? கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. வலிக்கவில்லை என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட வாய், வலிக்கிறது என்று பொய் சொல்கிறதே.

விரலின் அடியை ரப்பர் பட்டையால் இறுக்கினார்கள். நகத்தின் ஓரத்தில் மெல்லிய கத்தரியை நுழைத்து நீளவாக்கில் வேர்வரை பிளந்தாள் டாக்டர். அந்த ஓரத் துண்டை இடுக்கியால் பிடித்து, முறுக்கி இழுத்தாள். வெளியே தெரிந்தது நெல்மணி அளவுதான். சதைக்குள்ளிருந்து வந்ததைப் பார்த்துத் தனக்கொடி கதவைப் பிடித்துக்கொண்டாள். கத்தி போல் ஒரு சீவல், அவ்வளவு நீளம் உள்ளே இருந்தது. அந்த ஓரம் மறுபடி முளைக்காமலிருக்க, நகத்தின் வேரில் ஒரு மருந்தைப் பஞ்சில் தொட்டு வைத்துத் தேய்த்தார்கள். பிறகு கட்டு. எல்லாம் ஓர் உலை கொதிக்கிற நேரம்கூட இல்லை.

அதற்குப் பிறகுதான் பாடு. காலைத் தலையணை மேல் உயர்த்தி வைக்க வேண்டும், கட்டின்மேல் தண்ணீர் படக் கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வர வேண்டும். இனிமேல் நகத்தை நேராக வெட்ட வேண்டும், மூலையைத் தோண்டவே கூடாது. எல்லாவற்றுக்கும் மேல், வெறுங்காலோடு ஓர் அடி நடக்கக் கூடாது, வீட்டுக்குள்ளேயும். மெத்தென்ற ரப்பர் செருப்பு ஒன்று, பின்னால் வார் வைத்தது, அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். ஆபரேஷனுக்குக்கூட அசராத தனக்கொடி இதற்கு அதிர்ந்துபோனாள். சாமி படம் இருக்கிற வீட்டுக்குள் செருப்பா? சோறு வடிக்கிற இடத்தில் செருப்பா?

"காலு வேணுமா, வேணாமாம்மா?" என்று கேட்டாள் டாக்டர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

"இனிமே வலி சொல்லாதும்மா. கண்ணுதான் சொல்லணும். தெனம் காலையில ரெண்டு பாதத்தையும் கண்ணாடி வெச்சுப் பாருங்க. சிவப்பு, கொப்புளம், கீறல், எது இருந்தாலும் உடனே வாங்க."

தினமும் காலையில் முகம் பார்க்கிற கண்ணாடியை எடுத்துக்கொண்டு தனக்கொடி அவர் காலடியில் உட்கார்வாள். ஊரே தொட்டுக் கும்பிட்ட கால். அந்த முதல் தீமிதிக்குப் பிறகு அதன் அடிப்பக்கத்தை அவள் பார்த்ததே இல்லை. வெந்நீர்த் தழும்பு ஒன்று, பீடி சுட்ட வட்டங்கள், எப்போது வந்ததென்று தெரியாத வெட்டுகள். ஆதிமூலம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். காக்கைகள் முற்றத்தில் வந்து கத்தினாலும் எந்த மைத்துனனையும் கூப்பிடுவதில்லை. யாராவது வந்து, "இன்னாண்ணே, தீ மெரிச்ச காலுக்கே கட்டா?" என்று கேட்டால் காலைப் போர்வைக்குள் இழுத்துக்கொள்வார்.

கமருதீன் பாய் ஒருநாள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஆதி, இனிமே களத்துல எறங்காத. எடை மேடையில ஒக்காரு. கூலி அதே தான்."

"உக்காந்து துன்றதுக்கு நான் இன்னா நொண்டியா பாய்?"

பாய் கோபித்துக்கொள்ளவில்லை. "எம் மச்சானுக்கும் கட்ட வெரல்ல தான்பா ஆரம்பிச்சிது. சும்மா நகம்னு வுட்டான். முட்டிக்குக் கீழ எடுத்தாங்க" என்றார். ஆதிமூலம் தன் காலை ஒருதரம் பார்த்தார். தனக்கொடி அடுப்பங்கரைக்குள் போய் நின்றுகொண்டாள்.

விரல் மெல்ல மெல்ல ஆறியது. நீர் கசிவது நின்று, பொருக்குக் கட்டியது. டாக்டர் பார்த்துச் சந்தோஷப்பட்டாள். இன்னும் கொஞ்ச நாளைக்குக் கவனமாக இருக்கச் சொன்னாள். தனக்கொடிக்கு மூச்சு வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கடைக்குப் போய்விட்டு வருகிறேன் என்று போனவர், திரும்பி வந்து தண்ணீர் கேட்டுக் கையை நீட்டினார். மணிக்கட்டில் மஞ்சள் கயிறு! செம்பு அவள் கையிலிருந்து நழுவி உருண்டது. தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். காப்புக் கட்டினால் நெருப்பில் இறங்கியே ஆக வேண்டும்.

"யோவ், இன்னா காரியம் பண்ணிட்டு வந்து நிக்கிற?"

"வருசா வருசம் பண்றது தானே."

"அந்தக் காலோடயா?"

"எந்தக் காலுடி? சுடாத காலு தானே? இன்னா ஆவப்போவுது?"

"சுடலன்னா வேவாதா? சட்டியில போட்ட கறி சுடுதுன்னு கத்துதா?" அவர் மணிக்கட்டைப் பிடித்து உலுக்கினாள். "முட்டிக்குக் கீழ எடுத்தாங்கன்னு பாய் சொன்னாரே, காதுல வுழலியா?"

"அம்மா பாத்துப்பா."

"அவகிட்ட நான் தான்யா கேட்டேன்! இந்தக் காலு சுடக் கூடாதுன்னு வெள்ளியில காலு பண்ணிப் போட்டு நான் தான் கேட்டேன். இப்போ சொல்றேன், கேட்டுக்க. சுடுற காலோட எறங்குனா தான் அது வேண்டுதலு. மரக்கட்டய நெருப்புல எறக்குனா அதுக்குப் பேரு வேண்டுதலா? அது வெறவு வெக்கிறது."

அவர் அடிபட்டவர் போல் அவளைப் பார்த்தார். உருண்டு கிடந்த செம்பை எடுத்து வைத்துவிட்டு வெளியே போய் நின்றார். செருப்பைப் போட்டுக்கொண்டுதான் போனார். ஆனால் காப்பை அவிழ்க்கவில்லை.

தீமிதி அன்று சாயங்காலம் கோயில் வாசலில் ஊரே திரண்டிருந்தது. காலையிலிருந்து எரிந்த கட்டைகளை மூங்கிலால் அடித்துப் பரப்பிவிட்டிருந்தார்கள். குழி செக்கச்செவேலென்று மினுமினுத்தது. கயிறு கட்டிய இடத்தில் நின்ற தனக்கொடிக்கே முகம் காந்தியது. ஈர மஞ்சள் வேட்டியோடு வரிசையில் போய் நிற்பதற்கு முன், ஆதிமூலம் அவளிடம் வந்து இரண்டு செருப்பையும் கழற்றிக் கையில் கொடுத்தார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ரப்பர் செருப்பை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள் அவள். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. வேண்டிக்கொள்ளவே பயமாக இருந்தது.

பூசாரி குழந்தைவேல் கரகத்தோடு முதலில் இறங்கினார். கூட்டம் "கோவிந்தா! கோவிந்தா!" என்று அலறியது. ஒவ்வொருவராகக் குழியின் விளிம்புக்கு வந்து, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு இறங்கினார்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மனைக் கூவி அழைத்துக்கொண்டு ஓடினார்கள். சுடத்தான் செய்கிறது அவர்களுக்கு. சுடச் சுடத்தான் ஓடுகிறார்கள். இத்தனை வருஷம் தனக்கொடி இதைக் கவனித்ததே இல்லை, அவள் கண் எப்போதும் ஒரு காலைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது.

ஆதிமூலத்தின் முறை வந்தது. விளிம்பில் வந்து நின்றார். வழக்கம்போல் குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்தவர், தேள் கொட்டினாற்போல் கையை வெடுக்கென்று எடுத்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் பார்த்தார். கை வைத்த அதே மண்ணில், ஒரு சாண் தள்ளி, அவருடைய பாதம் இருந்தது. கட்டைவிரலில் சின்னக் கட்டோடு, இவ்வளவு நேரமும் அங்கேதான் சும்மா நின்றுகொண்டிருந்தது.

மறுபடி கையை வைத்தார். பாதத்தை ஒட்டி, பக்கத்திலேயே. மறுபடி தாங்க முடியாமல் எடுத்தார்.

"போண்ணே, எறங்கு" என்றான் பின்னால் நின்றவன். ஆதிமூலம் அவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவன் கோவிந்தா போட்டு இறங்கி ஓடினான். இவர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு கயிற்றோரம் வந்தார். முகம் பேயறைந்தது போலிருந்தது.

"தனம்… சுடுதுடி" என்றார்.

அங்கேயே மண்ணில் உட்கார்ந்தார். வலது காலை இழுத்து மடிமேல் வைத்துக்கொண்டு, இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பாதத்தைப் பொத்திக்கொண்டார்.